காகம் தேடி மகாவலிக் கரைக்குப் போன கதை

நேற்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. காகத்துக்குச் சோறு வைக்க வேண்டும்.

புரட்டாதிச் சனி. விரதம். காலையில் சமைத்து, எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றி, முதற் சோற்றை வாழையிலையில் வைத்துக் காகத்துக்குக் கொடுக்க வேண்டும். காகம் சாப்பிட்ட பிறகுதான் மனிதர் சாப்பிடலாம். சட்டம் அவ்வளவுதான். இதில் பிழைவிட இடமே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் பின்மதிலுக்கு இரண்டு காகங்கள் தினமும் வரும். அழையாமலே வரும். சவர்க்காரத்தைத் தூக்கும். கரண்டியைத் தூக்கும். ஒருமுறை என் கணவருடைய பல்செட்டைத் தூக்கப் பார்த்து, பாரம் தாங்காமல் கிணற்றடியில் போட்டுவிட்டுப் போனது. இப்படிப்பட்ட காகங்கள் சோறு கொடுக்கும் நாளில் வராமலா போகும்?

பத்தரை மணிக்கு இலையை மதிலில் வைத்தேன்.

"கா... கா..." என்று அழைத்தேன்.

நான் முப்பத்தைந்து வருடம் உயிரியல் கற்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவள். என் குரலுக்கு மூன்று மாடிக் கட்டடம் அடங்கியிருக்கிறது. நேற்று ஒரு காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அணில் வந்தது. இரண்டு பருக்கையைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது.

"அணில் சாப்பிட்டால் கணக்கில்லையோ?" என்று கணவர் வாசலில் நின்று கேட்டார். அவருக்குப் பசி வந்துவிட்டால் மதத்தில் மிகுந்த தாராளம் வந்துவிடும்.

"சனீஸ்வரனுக்கு வாகனம் காகம். அணில் இல்லை," என்று உள்ளே இருந்து பதில் வந்தது.

பதில் சொன்னவர் சிவபாக்கியம். என் மகனுடைய மாமியார். எனக்குச் சம்பந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கிழமை தங்கிப் போக வந்திருக்கிறார். என்னைப் போல ஒழுங்குக்காக விரதம் பிடிப்பவர் அல்ல, உண்மையாகவே பிடிப்பவர். அதனால்தான் சிக்கல்.

பதினொரு மணிக்குக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுச் சிங்களவர் பண்டார மாத்தயா தன் பப்பாசி மரத்தைக் காப்பாற்றுவதற்காக, கறுத்தப் பொலித்தீனைச் செத்த காகம் போலக் கட்டி, கம்பில் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார். இறக்கை இரண்டும் விரித்தபடி. சிறகுகளை ஒவ்வொன்றாக வெட்டியிருந்தார். மனிதர் அரச திணைக்களத்தில் வரைபடம் கீறியவர். வேலையில் குறை சொல்ல முடியாது. அம்பிட்டியவின் காகங்கள் அனைத்தும் துக்கம் அனுட்டிக்க வேறெங்கோ போய்விட்டன.

"அக்கா, நான் இப்பவே கழட்டுறேன்," என்று மதிலுக்கு மேலால் சொன்னார். பாவம், கழற்றினார். ஆனால் பயந்துபோன காகம் அன்றே திரும்பி வராது. இதை நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கற்பித்திருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் கணவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உமக்குத் தெரியுமோ? மச்சாள் விடிய வெறும் வயித்திலை சீனிக் குளிசை போட்டிட்டா."

சம்பந்திக்கு நீரிழிவு. அந்த மாத்திரை போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அவரோ ஒரு தேநீருடன் பூசையறையில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் போய், "மச்சாள், ரெண்டு பிஸ்கற் சாப்பிடுங்கோ. வருத்தக்காரருக்கு விரதத்திலை விலக்கு இருக்கு," என்றேன்.

"முப்பது வருஷமாய்ப் பிடிக்கிறன் மச்சாள். காகம் சாப்பிடாமல் ஒரு வாய் வைச்சதில்லை. உங்கடை வீட்டிலை வந்தோ அதை முறிக்கிறது?"

உங்கடை வீட்டிலை! அந்த ஒரு சொல் போதும். என் வீட்டுக்கு வந்த சம்பந்தி என் வீட்டில் மயங்கி விழுந்தால், யாழ்ப்பாணம் முழுவதும் அடுத்த புரட்டாதி வரை அதைத்தான் பேசும். ஒரு மணிக்குள் ஒரு காகம் சாப்பிட்டாக வேண்டும். வராவிட்டால், இருக்கும் இடத்துக்குச் சோறு போக வேண்டியதுதான்.

ராமையாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஹந்தானைக்காரர். ஐம்பது வயது. எங்கள் குடும்பத்துக்கு நிரந்தர முச்சக்கரவண்டிச் சாரதி.

"காக்காவா டீச்சர்? இது ஒரு விசயமா! மார்க்கெட்டுக்குப் போவோம். மீன் கடைக்கிட்ட சும்மா மேகம் மாதிரி நிக்கும்."

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் பதினைந்து நிமிடத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் கண்டிச் சந்தையில் கடைக்கு ஒருவர் வீதம் என் பழைய மாணவிகளின் தாய்மார் நிற்பார்கள். மீன் கடைக்கு முன்னால் நான் இலை விரித்து "கா... கா..." என்று கத்துவதா?

"சனம் இல்லாத இடமாய்ப் போவம்," என்றேன்.

"அப்ப ஆத்துப் பக்கம் பார்க் இருக்கு டீச்சர். மூங்கில் காடு. அங்க பறவையைப் பாக்கவே ஆளுங்க வராங்க."

பறவைகளைப் பார்க்கவே ஆட்கள் வரும் இடம். அங்கே ஒரு காகம் இருக்காதா? அறிவுபூர்வமான முடிவு என்று எனக்கு நானே புள்ளி போட்டுக்கொண்டேன்.

சோற்றையும் பூசணிக்காய்க் கறியையும் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்து, வாழையிலை இரண்டு எடுத்து, பதினொன்றே முக்காலுக்குப் பூங்கா வாசலில் இறங்கினேன்.

வாசலில் காவலாளி. சிங்களவர். வயது நாற்பது இருக்கும். நெஞ்சில் விசில் தொங்கியது. நான் சிங்களத்தில் பேசினேன். அவர் விட்டுக்கொடுக்காமல் தமிழில் பேசினார்.

"அம்மா, பேக்ல என்ன?"

"சாப்பாடு."

"யாருக்கு? மிருகம், பறவை, ஒண்டுக்கும் குடுக்க ஏலாது." அறிவித்தல் பலகையைக் காட்டினார். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில்கூட எழுத்துப்பிழை இல்லை. வாதாட வழியில்லை.

"எனக்குத்தான்," என்றேன்.

விரத நாளில், நெற்றியில் திருநீற்றுடன், அரசாங்கச் சீருடைக்கு முன்னால் பொய் சொன்னேன். ராமையா வானத்தைப் பார்த்தார்.

உள்ளே போனோம். மகாவலி ஆற்றை ஒட்டி ஒரு நடைபாதை. இரண்டு பக்கமும் மூங்கில். நான் நடந்தேன். ராமையா பெட்டியோடு பின்னால் வந்தார்.

முதல் வளைவில் ஒரு மீன்கொத்தி. நீல நிறம், சிவந்த பெரிய அலகு. என் முகத்துக்கு நேரே மூன்றடி தூரத்தில் குந்தியிருந்தது. படப்புத்தகத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக உட்காராது.

"இது வேண்டாம்," என்றேன்.

அடுத்த மரத்தில் இலங்கைச் சாம்பல் இருவாட்சி. இலங்கையில் மட்டுமே உள்ள இனம். வாழ்நாளில் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறையாக அது என் தலைக்கு மேல் வந்து, தலையைச் சரித்து, என்னை நலம் விசாரிப்பதுபோலப் பார்த்தது.

"இதுவும் வேண்டாம்!"

"டீச்சர், அந்தா கறுப்பு!" என்று ராமையா கத்தினார்.

ஆற்றின் நடுவில் ஒரு கல். அதில் ஒரு கறுத்த பறவை செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது.

"அது நீர்க்காகம், ராமையா."

"பேர்லயே காக்கா இருக்கே டீச்சர்! எடுத்துக்கலாம்ல?"

"அது மீன் மட்டும்தான் சாப்பிடும். பூசணிக்காயைத் திரும்பியும் பார்க்காது."

பிறகு செண்பகம் வந்தது. "உடம்பு கறுப்பு, செட்டை மட்டும்தான் செம்பு, கொஞ்சம் தள்ளுபடி குடுங்க டீச்சர்," என்றார். கொடுக்கவில்லை. இரட்டைவால் குருவி வந்தது. அதற்கும் கொடுக்கவில்லை. அரை மணி நேரத்தில் மகாவலிக் கரையின் முழுப் பறவைக் குலமும் எனக்கு முன்னால் அணிவகுத்துப் போனது. எந்தக் குப்பைத்தொட்டியிலும் நிற்கும் ஒரு சாதாரணக் காகம் மட்டும் அதில் இல்லை.

பன்னிரண்டரைக்கு நான் அடக்கத்தைக் கைவிட்டேன். பாதையின் நடுவில் நின்று, கைகளை வாயில் குவித்து, உப அதிபர் குரலில் அழைத்தேன்.

"கா...! கா...!"

"ஷ்ஷ்ஷ்!" என்றது மூங்கில் புதர்.

வாழ்நாளெல்லாம் நான் பிறருக்குச் சொன்ன அந்தச் சத்தம், முதல்முறையாக எனக்குக் கிடைத்தது!

புதருக்குப் பின்னால் நான்கு பேர் தரையில் படுத்திருந்தார்கள். இலைப்பச்சை உடுப்பு. ஒவ்வொருவர் கையிலும் பீரங்கி அளவு கமரா. அவர்களில் ஒருத்தி எழுந்து, தொப்பியைக் கழற்றினாள்.

"அல்லாஹ்வே! டீச்சர், நீங்களா?"

ரிஸ்வானா. அக்குறணைப் பிள்ளை. என்னிடம் படித்தவள். இப்போது வங்கி முகாமையாளர். 'கவனம் போதாது' என்று நான் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில் எழுதியது எனக்கு நினைவிருந்தது. அவளுக்கும் நினைவிருக்கும்.

"விடிய ஆறு மணிலேந்து நீர்நாய்க்காக அசையாம படுத்திரிக்கிறம் டீச்சர். கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க. நீங்க எதைத் தேடுறீங்க?"

"காகம்."

"காகமா? அத ஆரு டீச்சர் பாக்க வாற?"

"நான் பார்க்க வரவில்லை. சாப்பிட வைக்க வந்தேன்." சொல்லி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. கணவர்.

"என்னப்பா, ஏதும் சரிவந்ததோ? மச்சாளுக்குக் கை நடுங்குதாம். வேர்க்குது."

"தேத்தண்ணிக்குச் சீனியைப் போட்டுக் குடுங்கோ!"

"குடுத்தன், குடிக்கிறா இல்லை. வாயை மூடிக்கொண்டு தேவாரம் பாடுறா."

வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடுவது என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியால் முடியும்.

அவசரத்தில் ஒரு தவறு செய்தேன். ஆற்றோரக் கல்லில் ஓர் இலையை விரித்து, முக்கால்வாசிச் சோற்றை அதில் கொட்டினேன். வாசனைக்காவது ஒரு காகம் வரட்டும் என்று எண்ணினேன்.

வாசனைக்கு வந்தது. ஆனால் தண்ணீருக்குள் இருந்து வந்தது. நாக்கு முதலில், பிறகு தலை, பிறகு ஆற அமர ஐந்தடி உடம்பு. கபரகொய்யா. உடும்புக்குத் தமையன் போன்ற ஒரு நீர்ப்பிராணி.

"இது ஊன் உண்ணி. மரக்கறிச் சோறு தின்னாது," என்று நான் நிதானமாக அறிவித்தேன்.

தின்றது. சோற்றைத் தின்றது, பூசணிக்காயைத் தின்றது, கடைசியில் வாழையிலையையும் தின்றது. இந்த அறிவிப்பை நான் விடுத்தபோது, பாதையோரத்தில் உட்காரப் போட்டிருந்த வாங்கில் ஏறி, சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதையும் நேர்மைக்காகப் பதிவு செய்கிறேன். கமராக்கள் நான்கும் வேலை செய்தன. எதைப் படம் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

விசில் சத்தம் கேட்டது. காவலாளி ஓடி வந்தார்.

"அம்மா! உங்கட சாப்பாடு எண்டுதானே சொன்னது?"

"ஆம். என்னுடையதுதான்." பெட்டியில் மீதியிருந்த ஒரு பிடியைக் காட்டினேன்.

"அப்ப சாப்பிடுங்க. நான் பாக்கிறன்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரிஸ்வானாவின் குழு நின்றது. ராமையா நின்றார். வீட்டில் ஒருவர் காகத்துக்காக நடுங்கிக்கொண்டு இருக்கிறார். அந்தக் காகத்துக்கான கடைசிப் பிடிச் சோற்றை நான் இங்கே சாப்பிட வேண்டும். காகத்துக்கு முன் நான் சாப்பிட்டால் விரதம் போயிற்று. சாப்பிடாவிட்டால் பொய்க்காரி. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை இப்படி மூலையில் மடக்கியிருக்கிறேன். அவர்களுடைய முகம் எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் விளங்கியது.

உண்மையைச் சொன்னேன். விரதம், சனி, காகம், சம்பந்தி, குளிசை. எல்லாம்.

காவலாளியின் முகம் மாறியது.

"ஆ! கபுட்டாவுக்குத் தானம்!" காகத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். "எங்கட அம்மாவும் குடுக்கிற. எனக்குச் சனி கூடாத காலம் எண்டு சொல்லி, ரெண்டு வருசம் குடுத்த. அத முதல்ல சொல்ல வேணாமா? யாரு எண்டாலும் வயசான ஒரு ஆள் அங்க பசியில இரிக்கிற நேரம்!"

"பலகையில் தடை என்று..."

"தடைதான். நான் இரிக்கிற நேரம் குடுக்க ஏலாது. நான் ஆத்தப் பாக்கிறன். பின்னால என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியாது." பிறகு எல்லோரையும் பார்த்து, "நீங்களும் திரும்புங்க. மனுசன் பாத்துக்கொண்டு இருந்தா கபுட்டா கிட்ட வராது," என்றார்.

முதலில் காகம் வேண்டுமே! ரிஸ்வானா தன் பையைத் திறந்து, மீன் கட்லட் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். அவ்வளவுதான். என்ன மாயமோ, எங்கிருந்தோ ஒன்று வந்து மூங்கில் நுனியில் குந்தி, "கா" என்றது. காலை முழுவதும் தொண்டை கிழிய அழைத்தேன், வரவில்லை. கட்லட் வாய் திறக்கவில்லை, வந்துவிட்டது!

பெரிய காகம். உடம்பு முழுவதும் கருமை. கழுத்தில் சாம்பல் இல்லை. அண்டங்காகம். உடனே வீட்டுக்கு அழைத்துச் சொன்னேன். சம்பந்தியின் குரல் பின்னால் மெலிதாகக் கேட்டது.

"அண்டங்காகமெண்டால் சரியோ எண்டு கேளுங்கோ. அது வேறை சாதியெல்லோ?"

அண்டங்காகம் வேறு இனம், வீட்டுக்காகம் வேறு இனம். இரண்டையும் ஒன்றென்று எழுதிய எத்தனையோ விடைத்தாளில் நான் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன். ரிஸ்வானாவின் விடைத்தாளும் அதில் ஒன்று. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒண்டுதான்," என்றேன்.

ரிஸ்வானா குனிந்து கமராவின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள். நல்ல வளர்ப்பு.

மீதி இலையைப் புல்லில் விரித்து, கடைசிப் பிடியை வைத்தேன். கட்லட் பெட்டியை மூடவைத்தேன். எல்லோரும் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, ஒரே வரிசையில் நின்றோம். காவலாளி, சாரதி, மிருகம், பறவை பார்ப்பதற்கென்றே வந்த நான்கு பேர், நான். பின்னால் ஒரு பறவை. ஒருவரும் அதைப் பார்க்கக்கூடாது!

"ஆனால் அது சாப்பிட்டதுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமே," என்று கிசுகிசுத்தேன். "இன்று ஏற்கெனவே இரண்டு பொய் சொல்லியாயிற்று."

ரிஸ்வானா என் தொலைபேசியை வாங்கி, செல்ஃபிக்குத் திருப்பி, என் முகத்துக்கு முன்னால் பிடிக்கச் சொன்னாள். என் பேரப்பிள்ளைகளுக்கு நான் தடைசெய்த காரியம். பிடித்தேன். திரையில் என் நெற்றி, திருநீறு, மூக்குக்கண்ணாடி. தோளுக்குப் பின்னால் சிறியதாக அந்தக் கறுப்பு. மூங்கிலில் இருந்து இறங்கியது. இரண்டு துள்ளல். நின்றது. தலையைச் சரித்தது. இன்னும் ஒரு துள்ளல்.

அந்த நேரம் பார்த்து வரிசை முழுவதும் ஒரே மூச்சாக உள்ளிழுத்தது. ராமையா என் முழங்கையைப் பிடித்தார்.

"டீச்சர்... ஆத்துல... நாய் மாதிரி... மூணு... குட்டியோட..."

"பேசாமல் நில்லும்!"

கமராக்களின் 'கிளிக்' சத்தம் மழைபோல் பொழிந்தது. விடிகாலை ஆறு மணியிலிருந்து படுத்துக் கிடந்தும் வராத நீர்நாய், காகத்துக்காகத் திரும்பி நின்ற ஒரு நிமிடத்தில் குடும்பத்தோடு வந்திருக்கிறது. கரையேறி மீன் தின்றதாம். குட்டி ஒன்று மற்றதின் வாலைக் கடித்ததாம். எல்லாம் சொல்லக் கேள்விதான். நான் என் காதுக்குப் பின்னால் இருந்த காகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

அது அலகைத் தாழ்த்தியது. பூசணிக்காயைப் புரட்டியது. சோற்றை எடுத்தது. விழுங்கியது. இன்னொரு வாய் எடுத்தது.

படம் எடுக்கும் பொத்தானை அழுத்தினேன்.

ஒரு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கையில் படம் அம்பிட்டியவுக்குப் போனது. படத்தில் முக்கால்வாசி என் முகம்தான். கண் இரண்டும் குற்றவாளியைத் தேடுவதுபோல இருந்தன. ஆனால் தோளுக்கு மேல், அலகில் சோற்றோடு, காகம் தெளிவு. மறுபக்கத்தில் ஒரு பதிலும் வரவில்லை. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். ரிஸ்வானா நீர்நாயை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். காவலாளியும் ஆற்றைப் பார்த்தபடியே, "அந்த அம்மாவுக்குச் சுகமா?" என்று கேட்டார்.

தொலைபேசி அடித்தது. சம்பந்தியே பேசினார். வாய் நிறைந்த குரல். என் வாழ்நாளில் நான் கேட்ட மிக இனிமையான மெல்லும் சத்தம் அதுதான்.

"மச்சாள்! பார்த்தன். நல்ல வடிவான காகம். இப்ப கை நடுக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. உங்கடை வெண்டிக்காய்க் குழம்பு அந்தமாதிரி! அண்ணையும் நானும் நல்லாய்ச் சாப்பிட்டிட்டம்."

"நல்லது மச்சாள். இன்னும் போட்டுச் சாப்பிடுங்கோ."

"எங்கை போடுறது? சட்டி வழிச்சாச்சு. நீங்கள் அவசரப்படாமல் அங்கையே ஏதும் சாப்பிட்டிட்டு வாங்கோ."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெறுமை. ரிஸ்வானா அன்போடு கட்லட்டை நீட்டினாள். மீன். கடைசி நம்பிக்கையாகத் திரும்பி இலையைப் பார்த்தேன்.

காகம் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.